பன்னிரண்டாவது வெடிப்பு

நேற்று மாலை பார்த்துப் பார்த்து அடைத்த வெடிப்பு இன்று காலையில் திறந்து கிடந்தது.

வேலாயி குந்தி உட்கார்ந்து அதையே பார்த்தாள். துரை பங்களாவின் சிமெந்து முற்றத்தில் மொத்தம் பன்னிரண்டு வெடிப்புகள். பதினொன்றை நேற்றோடு அடைத்து முடித்திருந்தாள். அதில் பத்து அவள் விட்டுப் போனபடியே கறுப்பாக, வழவழவென்று கிடந்தன. இந்த ஒன்று மட்டும் நடுவில் பிதுங்கியிருந்தது. தார் மேல்நோக்கிக் கூம்பி, நுனியில் ஒரு சின்னத் துளை. மேலேயிருந்து யாராவது குத்தியிருந்தால் தார் உள்ளே அல்லவா போயிருக்கும்? இது உள்ளேயிருந்து வெளியே வந்திருக்கிறது. துளையில் மூக்கை வைத்தாள். ஈர விறகு வாசனையும் காய்ச்சல்காரன் வேர்வை வாசனையும் கலந்து வந்தன.

நல்ல பகல்தான். ஆனால் மழை மாதத்தில் கேமரன் மலையில் பகலுக்கு என்ன மரியாதை இருக்கிறது? மூடுபனி தேயிலைச் சரிவுகளை ஒன்றுவிடாமல் விழுங்கிவிட்டு, பங்களாப் படிக்கட்டு வரை ஏறி வந்து நின்றது. கீழே கம்போங் ராஜா ரோட்டில் போகும் லோரிச் சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்றுகூடத் தெரியவில்லை. கூரை ஓட்டிலிருந்து சொட்டும் தண்ணீர் மட்டும் நின்ற பாடில்லை.

அக்கம்பக்கம் பார்த்துவிட்டு, கன்னத்தைத் தரையில் வைத்துப் படுத்தாள்.

"மாமா... இது யாரு குத்துனது?"

கீழேயிருந்து ஒரு இருமல். அதன் பின்னால் குரல்.

"நான்தான் புள்ள. மூச்சு முட்டிப்போச்சு. வெறகுக் குச்சியால ஒரு குத்து குத்திப்புட்டேன்."

வேலாயிக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "ஒங்களுக்குப் புத்தி கெட்டுப்போச்சா? நேத்து முழுக்க மொழங்கால் தேய ஒக்காந்து அடைச்சிருக்கேன். இந்த ஓட்ட வழியா மழ ஊத்துனா யாரு வெளிய எறைக்கிறது? அதுவும் இந்த இருமல வச்சிக்கிட்டு?"

"கோவிக்காத புள்ள. ஒண்ணாச்சும் விட்டு வையி."

"தொவைகல்லுக்குப் பக்கத்துல ஒண்ணு விட்டிருக்கேன்லா. அதுல மூச்சு விடுங்க, அதுலயே பேசுங்க, போதும்."

சொல்லிவிட்டு, அடுப்பில் தகரக் குவளையில் காய்ந்துகொண்டிருந்த தாரை எடுத்துவந்து, அந்தத் துளையையும் மூடினாள்.

அந்த வருஷம் ஜப்பான்காரன் சியாமுக்கு ரயில் பாதை போட மலாயா முழுக்கத் தோட்டம் தோட்டமாக ஆள் பிடித்துக்கொண்டிருந்தான். முதல் லோரியில் போன முனியாண்டி, சிங்காரம் யாரைப் பற்றியும் இன்றுவரை ஒரு சேதி இல்லை. இரண்டாவது லோரியில் வேலாயியின் புருஷன் கருப்பையாவை ஏற்றினார்கள். கோலா தெர்லா வளைவில் மூடுபனிக்குள் லோரி ஊர்ந்தபோது அவன் குதித்துவிட்டான். காட்டு வழியாக நடந்து வந்து சேர்ந்தபோது உடம்பு நெருப்பாகக் கொதித்தது. கூலி வீடுகள் ஒட்டி ஒட்டி நிற்கும் லயத்தில் வைத்துக்கொள்ள முடியாது. தப்பியவனைப் பிடித்தால் தலை போகும், ஒளித்து வைத்தவள் தலையும் சேர்ந்து போகும்.

அப்போது அவள் மனதில் பட்டது துரை பங்களாதான். சண்டை வருவதற்கு முன்பே வெள்ளைக்காரத் துரை ஓடிப்போய்விட்டார். மலைச் சரிவில் கல் சுவர் எழுப்பி, அதன் மேல் சிமெந்து போட்ட முற்றம். முற்றத்துக்கு அடியில், குளிர்காயும் அடுப்புக்காகத் துரை விறகு அடுக்கி வைத்த குழி. சரிவுப் பக்கமாக, ஆள் தவழ்ந்து நுழையும் அளவுக்கு ஒரு வாய். அவனை உள்ளே விட்டு, வாயில் கல் அடுக்கி, களிமண் பூசி, மேலே பாசியையும் புல்லையும் பிடுங்கி வந்து ஒட்டிவிட்டாள். பார்த்தால் மலைச் சரிவுதான்.

ஆனால் போன வருஷம் எவனோ அந்த முற்றத்தின் மேல் பட்டாள லோரியை ஏற்றித் திருப்பியதில் சிமெந்து பாளம் பாளமாக வெடித்திருந்தது. மழை பெய்தால் வெடிப்பெல்லாம் குழிக்குள் ஒழுகும். குழியின் தரை பள்ளம். நின்ற தண்ணீரில் உட்கார்ந்து உட்கார்ந்து கருப்பையாவின் இருமல் நெஞ்சை அறுக்கிற இருமலாக மாறிவிட்டது. தண்ணீரை நிறுத்தாவிட்டால் அவன் பிழைக்கமாட்டான். அவள் கண்ட உண்மை அது ஒன்றுதான்.

அடைக்கிற வேலையை அவளுக்கு யாரும் கற்றுக்கொடுக்க வேண்டியதில்லை. தேயிலை ஸ்டோரில் பத்து வருஷமாக அவள் பெட்டி கட்டுகிறவள். பலகைப் பெட்டிக்குள் ஈயத்தாளை விரித்து, தேயிலையைக் கொட்டி, மேல் தாளை மடித்து, மூட்டுக்கு மூட்டு ஈயம் உருக்கிப் பற்றவைப்பது அவள் வேலை. ஊசிமுனை ஓட்டை இருந்தாலும் கப்பலில் போகிற தேயிலை ஈரம் குடித்துப் பாழாகிவிடும். வேலாயி கட்டிய பெட்டி ஒன்றுகூடத் திரும்பி வந்ததில்லை, அதில் அவளுக்குக் கொள்ளைப் பெருமை. அந்தக் கையால்தான் முற்றத்தையும் அடைத்தாள். ஆணியால் வெடிப்பைச் சுரண்டி, காய்ச்சிய இரும்பை ஓட்டி ஈரத்தை உலர்த்தி, கோணி நாரைத் திணித்து, தார் ஊற்றி, ஈயத்தாளை வைத்துக் கரண்டி முதுகால் தேய்த்தாள். பெட்டிக்குள் இருக்கும் தேயிலை மூச்சு விடுவதில்லை. ஒன்றை மட்டும் விட்டு வைத்தாளே தவிர, பத்து வருஷம் பழகிய கைக்கு அது தோன்றவே இல்லை.

மத்தியானம் சூசைமுத்து கிராணி மூச்சிரைக்க ஏறி வந்தார். தோட்டத்துக் குமாஸ்தா; துரை போன பிறகு ஆபீஸ் அவர் பொறுப்பில்தான் இருந்தது. கழுத்தில் ஜெபமாலை, கையில் கறுப்புக் குடை. கருப்பையா எங்கே இருக்கிறான் என்பது அவருக்கு அரைகுறையாகத் தெரியும். தெரிந்தமாதிரி காட்டிக்கொண்டதில்லை.

"வேலாயி, ஒரு ஆபீசரும் நாலு சிப்பாயும் இன்னைக்கே வர்றானுங்க. அஞ்சு நாளு இங்கதான் தங்கப் போறானுங்களாம். நீதான் கூட்டிப் பெருக்கி, பாத்திரம் கழுவணும்."

அவள் கையிலிருந்த தார்க் குவளையைக் கீழே வைத்தாள். "ஐயா, வேற எடம் இல்லையா ஐயா? கீழ ஆபீஸ் காலியாத்தானே கெடக்கு?"

"நான் சொன்னா கேப்பானுங்களா?" அவர் தரையைப் பார்த்தார், தார்க் கோடுகளைப் பார்த்தார், குரலைத் தாழ்த்தினார். "சத்தம் மட்டும் வரக்கூடாது தாயி. ஒன்னோட சேத்து என் கழுத்தும் போயிரும்."

ஆறு மணிக்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். லோரியைச் சரிவுக்குக் கீழே நிறுத்தினார்கள், விறகுக் குழியின் வாய்க்கு நேர் எதிரே. அதன் பக்கத்தில் துப்பாக்கியோடு ஒரு சிப்பாய். இனி அவர்கள் போகும்வரை அந்த வாயைத் திறப்பது என்ற பேச்சுக்கே இடமில்லை.

மறுநாள் அவளுக்கு முதல் இடி விழுந்தது. மழை பிடித்துக்கொண்டது. முற்றம் துவைகல் பக்கமாகச் சரிந்திருந்தது. முன்பு பதினொரு வெடிப்பும் பங்கு போட்டுக் குடித்த தண்ணீர் முழுவதும் இப்போது ஓடிவந்து பன்னிரண்டாவது வெடிப்பின் வாயில் விழுந்தது. வேலாயி பாத்திரம் கழுவுகிற சாக்கில் அங்கேயே குந்தியிருந்தாள். தட்டைக் கவிழ்த்தாள், கோணியை மடித்து அணை கட்டினாள். எதற்கும் நிற்கவில்லை. தண்ணீர் சுழித்துக்கொண்டு உள்ளே இறங்கியது. அடியில் பள்ளத்தில் அது விழும் சத்தம் முதலில் சடசடவென்று கேட்டது, பிறகு தண்ணீரில் தண்ணீர் விழும் சத்தமாக மாறியது.

"புள்ள, மொழங்காலுக்கு வந்துருச்சு."

"வெறகு மேல ஏறி ஒக்காருங்க."

"ஒக்காந்துட்டேன். வெறகு மெதக்குது புள்ள."

பிறகு இருமல் வந்தது. ஒரே மூச்சில் பத்து, பதினைந்து. அவள் பித்தளைச் சட்டியைக் கல்லில் போட்டு உருட்டினாள், தொண்டை கிழிய இருமிக் காட்டினாள், சும்மா பாட்டுப் பாடினாள். தாழ்வாரத்தில் உட்கார்ந்து பூட்ஸ் துடைத்துக்கொண்டிருந்த சிப்பாய் தலையைத் தூக்கிப் பார்த்தான். அவள் வாயைப் பார்த்தான். வாய் மூடியிருந்தபோதும் இருமல் கேட்டதை அவன் கவனித்துவிட்டானா? அவளுக்குத் தெரியவில்லை.

மூன்றாம் நாளும் மழை. பொழுது சாய்கிற நேரத்துக்கு ஆபீசர் முற்றத்துக்கே வந்துவிட்டான். குள்ளமான ஆள், சுத்தமான கையுறை. தலையைச் சாய்த்துக் காது கொடுத்தான். பூட்ஸ் குதிகாலால் தரையை ஒரு தரம் தட்டினான். இரண்டு அடி நகர்ந்து மறுபடி தட்டினான். பன்னிரண்டாவது வெடிப்பின் மேல் கோணியைப் போட்டு உட்கார்ந்திருந்தாள் வேலாயி. தொடைக்கு அடியில், கோணிக்கு அடியில், புருஷன் வாயைப் பொத்திக்கொண்டு அடக்குகிற இருமல் அதிர்வது அவள் எலும்பில் தெரிந்தது. ஆபீசர் எதையோ சொல்லிவிட்டு உள்ளே போனான். சிப்பாய்கள் லோரிக்கு இறங்கினார்கள். மண்வெட்டி எடுக்கத்தான் போகிறார்களோ?

அவள் கோணியைத் தூக்கிக் குனிந்தாள்.

"அடைச்சிரு புள்ள." அவன் பல் தந்தியடித்தது. "நெஞ்சு வரைக்கும் நிக்குது. இனி தண்ணி எறங்க விடாத, அடைச்சிரு."

"மூச்சு?"

"கொஞ்ச நேரம் தாங்கிக்கிறேன். அவனுங்க அசந்ததும் தொறந்துரு. தொறந்துருவல்ல?"

"தொறந்துருவேன் மாமா. சத்தியமா தொறந்துருவேன்."

ஒரு மணி நேரம், மிஞ்சிப்போனால் ஒன்றரை, அவ்வளவுதான் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள். நார் திணித்தாள், தார் ஊற்றினாள், ஈயத்தாளை அழுத்தினாள். கரண்டி முதுகால் தேய்த்தாள். பாவி, அவசரத்திலும் அவள் கை சுத்தமாகத்தான் வேலை செய்தது. எந்த மூலையிலும் ஊசிமுனை இடம் இல்லை.

சிப்பாய்கள் மண்வெட்டியோடு வரவில்லை. அரிசி மூட்டைகளோடு வந்தார்கள். அடியில் பலகை பரப்பி, துவைகல் பக்கத்திலேயே மூட்டைக்கு மேல் மூட்டையாக அடுக்கினார்கள். படுதா போட்டு மூடினார்கள். இரண்டு பேர் அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து சிகரெட் பற்றவைத்தார்கள். ராத்திரி முழுக்க மாற்றி மாற்றி அங்கேயே காவல் இருந்தார்கள்.

வேலாயி சமையலறை வாசல்படியில் உட்கார்ந்து அந்தப் படுதாவையே பார்த்துக்கொண்டிருந்தாள். எழுந்து போய், 'என் புருஷன் உள்ளே இருக்கிறான்' என்று அவர்கள் காலில் விழுந்துவிடலாமா என்று ஆயிரம் தரம் நினைத்தாள். விழுந்தால் வெளியே எடுப்பார்கள், எடுத்து வெட்டுவார்கள். விழாவிட்டால்? அந்தக் கேள்விக்கு மேலே அவள் மனம் போக மறுத்தது. விடிகிறவரைக்கும் முந்தானையைப் பல்லில் கடித்துக்கொண்டு அங்கேயே இருந்தாள்.

காலையில் மழை விட்டிருந்தது. சிப்பாய்கள் கீழே குளிக்கப் போனார்கள். மூட்டைகள் அசையவில்லை. அவளால் ஒற்றை ஆளாக அசைக்கவும் முடியவில்லை. தோள்பட்டை இற்றுப்போகிற மாதிரி முட்டித் தள்ளிப் பார்த்துவிட்டு, தரையில் விழுந்து அழுதாள்.

"எதுக்கு அழுவுற?"

அழுகை அப்படியே நின்றது.

"மாமா!"

"இப்ப ஒரு சொட்டுத் தண்ணி இல்ல. காஞ்சு கெடக்கு. நல்லா அடைச்சிருக்க."

கருப்பையாவின் குரல்தான். அதில் கொஞ்சமும் சந்தேகம் இல்லை. அவளுக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்லி முடியாது. தரையை இரண்டு கையாலும் தடவிக் கொடுத்தாள், சிமெந்துக்கு முத்தம் கொடுத்தாள், சிரித்தாள். "பொழச்சிட்டீங்களா? என் ராசா, பொழச்சிட்டீங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள். இருமல் அடியோடு நின்றுபோயிருந்தது. குரல் முன்பு வெடிப்பு வழியாக வந்ததைவிடத் தெளிவாக, காதுக்குப் பக்கத்திலேயே கேட்டது.

பாத்திரம் விளக்க உட்கார்ந்த பிறகுதான் அது உறைத்தது. வெடிப்பு பன்னிரண்டும் மூடியாயிற்று. நெஞ்சளவு நின்ற தண்ணீர் ராத்திரிக்குள் எங்கே போயிற்று? குரல் எது வழியாக வருகிறது?

அந்த நினைப்பை அவள் சாம்பலோடு சேர்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டாள். பேசுகிறானா இல்லையா? பேசுகிறான். அது போதும்.

"பசிக்குதா மாமா? மரவள்ளிக் கஞ்சி இருக்கு. எப்பிடிக் குடுக்கிறதுன்னுதான் தெரியல."

"பசிக்கல. வடக்கு மூலையில ஒண்ணு இருக்கு. காத்து வருது. அடச்சிரு."

போய்ப் பார்த்தாள். இருந்தது. முடி அகலத்துக்கு ஒரு கீறல். நேற்று அது இல்லை என்று அவள் கோயிலில் கற்பூரம் அணைத்துச் சொல்லுவாள். அடைத்தாள்.

"தாழ்வாரத்துத் தூணுக்கு அடியில ஒண்ணு."

அதையும் அடைத்தாள்.

மத்தியானத்துக்குள் ஆறு இடம் ஆயிற்று. இளம் சிப்பாய் ஒருவன், தூங்குவதற்காக முற்றத்தில் பாய் விரித்தவன், சட்டென்று எழுந்து உட்கார்ந்தான். உள்ளங்கையைத் தரையில் வைத்துப் பார்த்தான். அப்புறம் பாயைச் சுருட்டி எடுத்துக்கொண்டு, மழைத் தூறலில், லோரிக்கு அடியில் போய்ப் படுத்துக்கொண்டான்.

சாயங்காலம் சூசைமுத்து கிராணி அரிசிக் கணக்கு கேட்கும் சாக்கில் வந்தார். அவளைப் பார்த்ததும் திடுக்கிட்டார். முழங்கை வரை தார், கூந்தல் அவிழ்ந்து கிடந்தது, கண் இரண்டும் குழிவிழுந்திருந்தன.

"எல்லாத்தையும் அடைச்சிட்டியா?" என்றார் மெதுவாக. "அந்தத் தொவைகல்லு கிட்ட இருந்ததையும்?"

"ஆமா ஐயா. தண்ணி."

"எப்ப?"

"முந்தா நேத்து... இல்ல, நேத்து. நேத்து சாயந்தரம்."

அவர் குடையைக் கீழே ஊன்றினார். பிறகு ஒரே ஒரு வார்த்தை கேட்டார்.

"காத்து?"

வேலாயிக்கு அவரைக் கன்னத்தில் அறையவேண்டும் போல இருந்தது. "அவரு நல்லாருக்காரு! பேசுறாரு ஐயா. இப்பக்கூடப் பேசுனாரு. நீங்களே கேளுங்க. மாமா, கிராணி ஐயா வந்திருக்காரு. ஒரு வார்த்த பேசுங்க மாமா!"

"நிக்கிற எடத்துல ஒண்ணு இருக்கு," என்றது குரல். கிராணியின் வலது காலுக்கு நேர் அடியிலிருந்து. "அடச்சிரு."

"கேட்டீங்களா ஐயா?"

"நான் ஒண்ணும் கேக்கல," என்றார் சூசைமுத்து. ஆனால் வலது காலைத் தூக்கிவிட்டிருந்தார். தூக்கிய காலைக் கீழே வைக்க இடம் தெரியாமல் ஒரு நொடி ஒற்றைக் காலில் நின்றார். பிறகு ஜெபமாலையை இறுக்கிப் பிடித்துக்கொண்டு, குடையைக்கூட எடுக்காமல் படிக்கட்டில் இறங்கி ஓடினார்.

அதற்குப் பிறகு குரல் முற்றத்தோடு நிற்கவில்லை.

குளியலறையில் கேட்டது. சாமான் அறையில் கேட்டது. சமையலறையில், அவள் மாவு பிசைந்துகொண்டிருந்த பலகைக்குக் கீழே கேட்டது. சமையலறைக்கு அடியில் குழி கிடையாது. மலை. கெட்டி மலை. அது அவளுக்குத் தெரியும்.

"அடுப்போரத்துல ஒண்ணு."

தார் தீர்ந்துபோயிற்று. மரவள்ளி மாவில் சாம்பலைக் குழைத்து அடைத்தாள். அது தீர்ந்ததும் முந்தானையைக் கிழித்துத் திணித்தாள். அதுவும் போதாமல் தலைமுடியைக் கொத்தாக அறுத்துத் திணித்தாள். உள்ளுக்குள் அவளுக்குத் தெரிந்தேதான் இருந்தது. தெரிந்தாலும், சொல்கிற இடத்தையெல்லாம் அடைத்துக்கொண்டே இருந்தால் குரல் பேசிக்கொண்டே இருக்கும். அடைக்காமல் விட்டால் நின்றுவிடும். நின்றுவிட்டால் கருப்பையா இல்லை. அவன் இல்லையென்றால், அவனைக் கொன்றது யார்?

"கதவுக்குக் கீழ ஒண்ணு."

அடைத்தாள்.

"ஜன்னல்ல ஒண்ணு."

அடைத்தாள்.

"இன்னும் ஒண்ணு இருக்கு."

"எங்க மாமா?"

தரையைத் தட்டினாள்.

"எங்கன்னு சொல்லுங்க. அடைக்கிறேன். மாமா? எங்க?"

எதுவுமே இல்லை. விடியும் வரை தரைக்குத் தரை தவழ்ந்து, காதை வைத்துக் கேட்டாள். மழை இல்லை. சொட்டு இல்லை. அவள் மூச்சுச் சத்தம் மட்டும்தான்.

ஐந்தாம் நாள் காலை அவர்கள் கிளம்பினார்கள். அரிசி மூட்டைகளை ஏற்றினார்கள், ஆபீசர் கையுறையை மாட்டினான், லோரி உறுமி மூடுபனிக்குள் போனது. சத்தம் தேய்கிறவரைக்கும்கூட அவள் பொறுக்கவில்லை. சரிவில் விழுந்து புரண்டு இறங்கினாள். புல்லைப் பிய்த்தாள். களிமண் காய்ந்து கல்லாகியிருந்தது. நகம் போனது. முதல் கல் வந்தது. இரண்டாவது கல். உள்ளேயிருந்து ஒரு காற்று வெளியே வந்தது. முதலில் உலர்ந்த விறகின் வாசனை. அப்புறம் அந்த இன்னொரு வாசனை.

தவழ்ந்து உள்ளே போனாள்.

குழி காய்ந்து கிடந்தது. தரையில் ஈரமே இல்லை. வாய் வழியாக விழுந்த வெளிச்சத்தில், வாயிலிருந்து இரண்டு முழத் தூரத்தில், கருப்பையா விறகில் சாய்ந்து உட்கார்ந்திருந்தான். தலை பின்னால் தொங்கியிருந்தது. வாய் மேல் தளத்தைப் பார்த்துத் திறந்திருந்தது. முகம் ஊதி, கறுத்து, கண்ணைக் காணவில்லை. நேற்று செத்த உடம்பு அல்ல அது. முந்தா நாள் சாயங்காலமே, அவள் கரண்டி முதுகால் தேய்த்து முடித்த ஒன்றிரண்டு மணி நேரத்துக்குள்ளேயே அவன் போயிருக்கிறான்.

வேலாயி பக்கத்தில் உட்கார்ந்தாள். அவன் தலையைச் சாய்த்து மடியில் வைத்துக்கொண்டாள். இரண்டு கையையும் எடுத்துத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள். தேயிலை உலையில் வெந்து வளைந்துபோன இடது சுண்டுவிரலைத் தடவிக்கொடுத்தாள்.

"நான்தான் ஒங்களக் கொன்னுட்டேன் மாமா," என்றாள். "என் கையாலயே கொன்னுட்டேன்."

வெளிச்சம் குறைந்தது.

மூடுபனி ஏறுகிறது என்று நினைத்தாள். திரும்பிப் பார்த்தாள். குழியின் வாயில் ஒரு கல் வைக்கப்பட்டிருந்தது.

"கிராணி ஐயா?" என்றாள். "ஐயா, நான் உள்ள இருக்கேன் ஐயா."

இரண்டாவது கல் வந்தது. அவசரமில்லை. அப்படியும் இப்படியும் ஆட்டிப் பார்த்து, சரியாகப் பொருந்தும்படி உட்கார வைத்தது யாரோ. ஈரக் களிமண்ணை அப்புகிற சத்தம். பச். பச். அவள் எழுந்திருக்கப் பார்த்தாள். மடியில் தலை கனத்தது.

"ஐயா! யாரு அது?"

மூன்றாவது கல். இப்போது உள்ளங்கை அகலத்துக்குத்தான் வெளிச்சம்.

அந்த இடைவெளி வழியாக, உள் ஓரத்தைப் பூசிவிடுவதற்காக, ஒரு கை உள்ளே வந்தது. நாள்கணக்கில் தண்ணீரில் ஊறி வெளுத்துச் சுருங்கிய கை. மணிக்கட்டிலிருந்து தண்ணீர் ஒழுகியது. கட்டைவிரல் களிமண்ணை அழுத்தியது. ஓரமாக, பதமாக, சுண்டுவிரல் தேய்த்துக்கொண்டே வந்தது. வளைந்த சுண்டுவிரல்.

வேலாயி குனிந்து பார்த்தாள். கருப்பையாவின் இரண்டு கைகளும் அவள் மடியில்தான் இருந்தன.

வெளிச்சம் விரலகலம் ஆயிற்று. கீற்று ஆயிற்று. வெளியே அந்த விரல் நிறுத்தாமல், நிதானமாக, ஊசிமுனை இடம்கூட விடாமல் பூசிக்கொண்டிருந்தது.